குடிமக்கள் அவை: சீட்டும் செவியும் மறுமொழியும்

முன்னுரை

மக்களாட்சி என்பது மக்கள் தம்மைத் தாமே ஆளும் முறை என்று பள்ளிப் பருவத்திலேயே கற்றிருக்கிறோம். ஆயினும் நடைமுறையில், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்குச்சாவடிக்குச் சென்று திரும்புவதோடு பெரும்பாலான குடிமக்களின் பங்கு முடிந்துவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில், சட்டம் இயற்றுவோர் கட்சிக் கட்டுப்பாட்டுக்கும், அடுத்த தேர்தலைப் பற்றிய அச்சத்துக்கும், பொருள் வலிமை உடையோரின் நெருக்குதலுக்கும் இடையே நின்று முடிவெடுக்கின்றனர். இக்குறையை நீக்கும் நோக்குடன் பல நாடுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேற்கொள்ளப்பட்டுவரும் ஒரு முயற்சியே குடிமக்கள் அவை என்பது.

இம்முயற்சி திருச்சபைக்கு அயலான பொருள் அன்று. 1975-ஆம் ஆண்டில் நைரோபியில் கூடிய ஐந்தாம் பேரவையைத் தொடர்ந்து, உலகத் திருச்சபைகள் மன்றம் நீதியும் பங்கேற்பும் நிலைபேறும் உடைய சமுதாயம் என்னும் இலக்கைத் திருச்சபைகளின் முன் வைத்தது. அம்மூன்று சொற்களுள் பங்கேற்பு என்பதே நம்மிடையே மிகக் குறைவாக ஆராயப்பட்டது. ஏழை எளியோர் முடிவெடுக்கும் இடத்தில் அமரவேண்டும் என்று பிரசங்கிக்கிறோம். எவ்வாறு அமர்த்துவது என்னும் வினாவுக்கு விடை தேடுவது அரிது. அவ்வினாவுக்குக் கிடைத்துள்ள விடைகளுள் ஒன்றை அதன் சிறப்போடும் குறையோடும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடிமக்கள் அவை மூன்று கால்களில் நிற்கிறது. ஒன்று சீட்டு, இரண்டாவது செவிகொடுத்தல், மூன்றாவது மறுமொழி. இவற்றுள் ஒன்று முறிந்தாலும் அவை சாய்ந்துவிடும். உலக நாடுகளின் அனுபவம் இதனைக் காட்டுகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் நாம் காணும் ஆதித் திருச்சபையின் அனுபவமும் இதற்கு நெருங்கியதே.

1. அவை இயங்கும் முறை

ஒரு குறிப்பிட்ட வினாவை ஆராய்வதற்காக அரசோ சட்டமன்றமோ இவ்வவையைக் கூட்டுகிறது. உறுப்பினர் தேர்தலில் போட்டியிடுவதில்லை. நாட்டு மக்களிலிருந்து பலருக்குச் சீட்டின் வழியாக அழைப்பு விடுக்கப்படுகிறது. இசைவு தெரிவித்தோரிலிருந்து ஆண், பெண், அகவை, வாழும் பகுதி, கல்வி, தொழில் ஆகியவற்றில் நாட்டின் விகிதம் அவையிலும் அமையும்படி மீண்டும் சீட்டினால் ஏறத்தாழ நூறு பேர் தெரிந்துகொள்ளப்படுகின்றனர். ஆகவே அவையில் மாணவியும், பேருந்து ஓட்டுநரும், ஓய்வு பெற்ற ஆசிரியரும், இல்லத்தரசியும் அருகருகே அமர்வர்.

அவை மூன்று கட்டங்களில் பணிபுரிகிறது. முதலாவது கற்றல்: பொருளைக் குறித்துச் சட்ட அறிஞர், மருத்துவர், அறிவியலார் முதலியோர் விளக்கம் அளிக்கின்றனர், மாறுபட்ட கருத்துடைய இயக்கங்கள் தத்தம் நிலையை எடுத்துரைக்கின்றன. இரண்டாவது கலந்தாய்வு: உறுப்பினர் சிறு சிறு குழுக்களாக வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்து பேசுகின்றனர். ஒருவரே பேசிக்கொண்டிராமலும், ஒருவர் வாய் திறவாமலே இருந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நெறியாளர் உண்டு. மூன்றாவது வாக்களிப்பு: இரகசிய வாக்கின்மூலம் பரிந்துரைகள் முடிவு செய்யப்பட்டு அரசிடம் அளிக்கப்படுகின்றன. இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கோ பொது வாக்கெடுப்புக்கோ உரியதாகவே இருக்கும்.

கருத்துக் கணிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஈண்டுக் கவனிக்கத்தக்கது. கருத்துக் கணிப்பு, மக்கள் இப்பொழுது என்ன நினைக்கிறார்கள் என்று வினவுகிறது. குடிமக்கள் அவையோ, பொருளைக் கற்று, எதிர்க்கருத்துடையோரையும் கேட்டபின் மக்கள் என்ன நினைப்பார்கள் என்று அறிய முற்படுகிறது.

2. சீட்டின் தொன்மை

தேர்தலே மக்களாட்சியின் உயிர்நாடி என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பண்டைய கிரேக்கர் அவ்வாறு எண்ணவில்லை. ஏதென்ஸ் நகரத்தின் ஐந்நூற்றுவர் மன்றம் பத்துக் குலங்களிலிருந்து குலத்துக்கு 50 பேராகச் சீட்டினால் அமைக்கப்பட்டது. ஒருவர் தம் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அதில் பணியாற்ற இயலாது. சீட்டு மக்களாட்சிக்கு உரியதாகவும், தேர்தல் சிலராட்சிக்கு உரியதாகவும் கருதப்பட்டதை அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் குறிப்பிடுகிறார். புகழும் செல்வமும் பேச்சு வன்மையும் உடையோரே தேர்தலில் வெல்வர் என்பதே இதன் காரணம்.

தமிழகத்திலும் இம்முறை அறியப்படாததன்று. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச்செய்தனர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் இடம்பெற முடியாது என்பது அவ்விதிகளுள் ஒன்று.

இதனைப் பெருமையோடு கூறும்போது இன்னோர் உண்மையை மறைக்கலாகாது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 வரை அகவையுள்ள ஆடவர்க்கே குடவோலையில் இடம் இருந்தது. நிலத்தை உழுதவர் பெயர் குடத்துக்குள் செல்லவில்லை. ஏதென்ஸிலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அயலாருக்கும் இடமில்லை. சீட்டு தன்னளவில் நீதியானதன்று. யாருடைய பெயர்கள் குடத்துக்குள் இடப்படுகின்றன என்பதிலேயே அதன் நீதி அடங்கியிருக்கிறது.

திருமறையிலும் சீட்டைக் காண்கிறோம். வலியவர்களுக்கு இடையே எழும் வழக்கைச் சீட்டு தீர்க்கும் என்று நீதிமொழிகள் கூறுகிறது (நீதி. 18:18). யூதாஸின் இடத்துக்கு மத்தியா சீட்டினால் சேர்த்துக்கொள்ளப்பட்டார் (அப். 1:21-26). கோப்டிக் வைதிகத் திருச்சபையில் இவ்வழக்கம் இன்றும் உயிருடன் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு நவம்பர் 4 அன்று கெய்ரோவில், மூவர் பெயர்கள் அடங்கிய கண்ணாடிக் கலத்திலிருந்து கண்கள் கட்டப்பட்ட ஒரு சிறுவன் எடுத்த சீட்டின்படியே இரண்டாம் தவாத்ரோஸ் அச்சபையின் தலைமைப் பேராயரானார். உத்திரமேரூரிலும் கெய்ரோவிலும் சிறுவனின் கையே நாடப்பட்டதன் காரணம் ஒன்றே: அக்கைக்கு யாரிடமும் கடன் இல்லை.

3. செவிகொடுத்தல்: அயர்லாந்தின் அனுபவம்

குடிமக்கள் அவை நன்கு சோதிக்கப்பட்ட நாடு அயர்லாந்து. 2008-ஆம் ஆண்டில் அந்நாட்டின் வங்கிகள் சரிந்தபோது, அரசியலார்மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையும் சரிந்தது. 2011-இல் அரசியல் அறிஞர் சிலர் சிறிய அளவில் ஒரு சோதனை அவையை நடத்திக் காட்டினர். அதனைத் தொடர்ந்து 2012-இல் அரசியலமைப்பு மாநாடு கூட்டப்பட்டது. அதில் சீட்டினால் தெரிந்துகொள்ளப்பட்ட குடிமக்கள் 66 பேரும், சட்டமன்ற உறுப்பினர் 33 பேரும், ஒரு தலைவரும் இருந்தனர். அதன் பரிந்துரைகளுள் இரண்டு 2015 மே 22 அன்று பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. ஒருபால் திருமணம் பற்றியதை 62 விழுக்காட்டினர் ஏற்றனர். குடியரசுத் தலைவர் வேட்பாளரின் அகவை வரம்பைக் குறைப்பதை ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் மறுத்தனர். அவை கூறுவதை எல்லாம் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

இதனினும் கடினமான பொருள் கருக்கலைப்பு. பிறவாத சிசுவின் உயிருரிமை தாயின் உயிருரிமைக்குச் சமம் என்னும் எட்டாம் திருத்தம் 1983-இல் 66.9 விழுக்காடு வாக்குகளுடன் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. அதன்பின் வழக்குகளும் வாக்கெடுப்புகளும் தொடர்ந்தன. அயர்லாந்தில் வாழ்ந்துவந்த இந்தியப் பெண் ஒருவர், கருச்சிதைவு தவிர்க்கமுடியாது என்று அறியப்பட்ட நிலையிலும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, குருதியில் நச்சு பரவி 2012 அக்டோபரில் இறந்தபோது நாடு முழுவதும் அதிர்ந்தது. எக்கட்சியும் கைவைக்கத் துணியாத இப்பொருள் 2016-இல் ஒரு குடிமக்கள் அவையிடம் ஒப்படைக்கப்பட்டது. இம்முறை அரசியலார் எவரும் உறுப்பினராக இல்லை. குடிமக்கள் 99 பேர், அவர்களுக்குத் தலைவராக உச்சநீதிமன்ற நீதியரசர் மேரி லாஃபோய்.

2016 நவம்பர் முதல் 2017 ஏப்ரல் வரை ஐந்து வார இறுதிகளில் அவர்கள் டப்ளினுக்கு அருகிலுள்ள மாலஹைட் என்னும் ஊரில் கூடி இப்பொருளை ஆராய்ந்தனர். மருத்துவரும் சட்ட அறிஞரும் அறநெறி அறிஞரும் உரையாற்றினர். தங்கள் வாழ்வில் இச்சட்டத்தை எதிர்கொண்ட பெண்கள் சிலரின் சாட்சியங்கள் ஒலிப்பதிவாக அளிக்கப்பட்டன. அவர்களுள் கருக்கலைப்புச் செய்துகொண்டவரும் இருந்தனர், செய்துகொள்ள வேண்டாமென முடிவெடுத்தவரும் இருந்தனர். பின்னர் 17 அமைப்புகள் தங்கள் நிலையை எடுத்துரைத்தன. கத்தோலிக்க ஆயர் பேரவையும் அயர்லாந்துத் திருச்சபையின் பொதுச் சினாடும் அப்பதினேழில் இடம்பெற்றன.

இது திருச்சபையார் ஆழ்ந்து எண்ணவேண்டிய காட்சி. நாட்டின் மனச்சான்றாகத் தலைமுறை தலைமுறையாக விளங்கிய திருச்சபை, பதினேழு குரல்களுள் ஒரு குரலாக, அளவிட்ட நேரத்துக்குள் பேசி, கேள்விகளுக்கு விடை சொல்லி அமர்ந்தது. இதனை இழிவு என்று கருதுவோர் உண்டு. ஆனால் கட்டளையிடும் நிலையை இழந்த திருச்சபைக்குச் சாட்சி பகரும் நிலை இன்னும் இருக்கிறது. ஆதித் திருச்சபை பெற்றிருந்ததும் அதே நிலைதான்.

உறுப்பினரில் 87 விழுக்காட்டினர் அச்சட்டப்பிரிவு அப்படியே நீடிக்கலாகாது என்றனர். கால வரம்புக்கு உட்பட்டுக் காரணம் வினவாமல் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றோர் 64 விழுக்காட்டினர். இவ்வளவு தூரம் அவை செல்லும் என்று அரசியலாரே எதிர்பார்க்கவில்லை. 2018 மே 25 அன்று நடைபெற்ற பொது வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் எட்டாம் திருத்தத்தை நீக்க வாக்களித்தனர்.

அவை குறையற்றதாக இருந்ததெனக் கூற இயலாது. 2018-இன் தொடக்கத்தில், எட்டாம் திருத்தம் பற்றிய ஆய்வு முடிந்தபின் வேறு பொருளுக்காகச் சேர்க்கப்பட்ட மாற்று உறுப்பினர் ஏழு பேர் சீட்டின்படியன்றித் தனிப்பட்ட அறிமுகத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்டது வெளியாயிற்று. மேலும், அழைப்பு எல்லோருக்கும் சென்றாலும் ஓய்வு நேரமும் தன்னம்பிக்கையும் உள்ளவரே மிகுதியாக இசைகின்றனர். நாட்கூலியை இழந்து வரும் ஏழைக்கு அவ்விழப்பை ஈடுசெய்யாத அவை ஏழையை அழைத்ததாகக் கூறுவது பொய்யாகிவிடும்.

4. மறுமொழி இல்லாத இடத்தில்

அயர்லாந்தில் 2018-ஆம் ஆண்டு வாக்கெடுப்பு நடைபெறக் காரணமானது அவை மட்டுமன்று. அதன் அறிக்கை 2017 ஜூனில் அளிக்கப்பட்டதும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் சேர்ந்த கூட்டுக் குழு அதனை ஆராய்ந்து அதே ஆண்டு டிசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. அரசு அதன்மேல் செயற்பட்டது. பேசியவர்களுக்குப் பதில் கிடைத்தது. இம்மறுமொழி கிடைக்காத இடங்களில் நிலை வேறாயிற்று.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 1996-ஆம் ஆண்டுத் தேர்தலில் குறைந்த வாக்குப் பெற்ற கட்சி ஆட்சி அமைத்தது. 2001-இல் ஏறத்தாழ 58 விழுக்காடு வாக்குப் பெற்ற கட்சி 79 இடங்களில் 77-ஐக் கைப்பற்றியது. தேர்தல் முறையை ஆராய 2004-இல் ஓர் அவை கூட்டப்பட்டது. தொகுதிக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக 158 பேரும், பழங்குடியினர் இருவரும் அதில் இருந்தனர். அவர்கள் ஏறத்தாழ ஓராண்டு கற்று, மாநிலமெங்கும் 50 பொதுக்கூட்டங்கள் நடத்தி, 146-க்கு 7 என்னும் வாக்குகளால் புதிய தேர்தல் முறை ஒன்றைப் பரிந்துரைத்தனர். 2005 மே 17 அன்று 57.7 விழுக்காட்டு மக்கள் அதனை ஆதரித்தனர். ஆனால் 60 விழுக்காடு வேண்டும் என்று அரசு முன்னரே வரம்பு இட்டிருந்தது, பரிந்துரை வீழ்ந்தது.

பிரான்சு நாட்டில் எரிபொருள் வரியை எதிர்த்து 2018 நவம்பரில் மக்கள் தெருவில் இறங்கினர். அதன்பின் 150 குடிமக்களைக் கொண்ட தட்பவெப்ப மாநாடு 2019 அக்டோபரில் தொடங்கி, 2020 ஜூனில் 149 முன்மொழிவுகளை அளித்தது. அவற்றை வடிகட்டாமல் முன்னெடுப்பதாகக் குடியரசுத் தலைவர் மக்ரோன் வாக்களித்திருந்தார். ஆயினும் சில உடனே மறுக்கப்பட்டன, பல நீர்த்துப்போயின. 2021-இல் மீண்டும் கூடிய உறுப்பினர், தங்கள் முன்மொழிவுகளை அரசு நடத்திய விதத்துக்கு அளித்த சராசரி மதிப்பெண் பத்துக்கு நான்கைக்கூட எட்டவில்லை.

அயர்லாந்தேகூட இதற்கு விலக்கன்று. ஆண் பெண் சமத்துவத்தை ஆராய்ந்த அவை, இல்லங்களில் பிறரைப் பராமரிப்போருக்கு அரசு தக்க ஆதரவு அளிக்கக் கடமைப்படவேண்டும் என்று 2021-இல் பரிந்துரைத்தது. ஆனால் 2024 மார்ச் 8 அன்று மக்கள்முன் வைக்கப்பட்ட வாசகத்தில் அரசு முயலும் என்ற அளவிலேயே அக்கடமை தளர்த்தப்பட்டிருந்தது. அத்திருத்தத்தை 73.9 விழுக்காட்டினரும், அதனுடன் வைக்கப்பட்ட குடும்பம் பற்றிய திருத்தத்தை 67.7 விழுக்காட்டினரும் மறுத்தனர். தோல்விக்குக் காரணங்கள் பல. அவையின் சொல்லும் அரசின் சொல்லும் வேறுபட்டது அவற்றுள் ஒன்று என்று பலர் சுட்டிக்காட்டினர்.

இதற்கு மாறாகப் பெல்ஜியத்தில் ஜெர்மன் மொழி பேசும் சிறு பகுதி, மறுமொழியையே சட்டமாக்கியது. 2019-இல் அங்கு நிலையான குடிமக்கள் மன்றம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 24 பேர் கொண்ட அம்மன்றம் ஆராயவேண்டிய பொருளைத் தெரிவு செய்கிறது. சீட்டினால் அமையும் அவை அதனை ஆராய்கிறது. நாடாளுமன்றம் அப்பரிந்துரைகளை விவாதித்தே ஆகவேண்டும், ஏற்காவிடில் காரணம் கூறவேண்டும். மக்கள் விரும்பியதெல்லாம் நிறைவேறும் என்பது இதன் பொருளன்று. கேட்டவர் பதில் சொல்லாமல் எழுந்துபோக முடியாது என்பதே இதன் பொருள்.

5. இறையியல் நோக்கு

பெரும்பான்மை உண்மைக்கு அளவுகோலா என்னும் வினா இங்கு எழுகிறது. அயர்லாந்து மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 1983-இல் ஒன்றைச் சேர்த்தனர். 35 ஆண்டுகளுக்குப் பின் அதே விகிதத்தினர் அதனை நீக்கினர். இரண்டில் எது சரி என்பதில் இவ்விதழின் வாசகர் ஒருமனப்படமாட்டார்கள். ஆனால் இரு எண்களையும் அருகருகே வைத்துக் காணும் எவரும், எண்ணிக்கை ஒன்றே உண்மையை நிலைநாட்டும் என்று கூறத் துணியார். குடிமக்கள் அவை உண்மையை உண்டாக்குவதில்லை. ஒரு சமுதாயம் தன் உறுப்பினரை மதித்து, அவர்கள் துயரைக் கேட்டு, பொறுப்புடன் முடிவெடுக்க அது வழி செய்கிறது. முடிவு தவறாயின் திருச்சபை அதனை மறுத்துச் சாட்சி பகரும் கடமை அப்படியே நிற்கிறது.

நடபடிகளின் மூன்று பகுதிகளை இந்நோக்கில் ஒருங்கே வாசிப்பது பயனுள்ளது. முதலாவது, மத்தியாவின் தெரிவு. அங்குச் சீட்டுக்கு முன் தகுதி வரையறுக்கப்பட்டது, சபை இருவரை நிறுத்தியது, ஜெபித்தது, அதன்பின்னரே சீட்டுப் போட்டது. சீட்டு பகுத்தறிதலுக்கு மாற்றாக வரவில்லை; தன்னலத்துக்கு மாற்றாக வந்தது. பெந்தெகொஸ்தே நாளுக்குப்பின் நடபடிகளில் இவ்வழக்கம் மீண்டும் காணப்படவில்லை என்பதால், இதனைத் திருச்சபைக்குரிய நிலையான விதி எனக் கொள்வதும் பொருந்தாது.

இரண்டாவது, கிரேக்க மொழி பேசிய விதவைகளின் முறையீடு (அப். 6:1-6). பந்தியில் புறக்கணிக்கப்பட்டவர்களின் முறுமுறுப்பை அப்போஸ்தலர் கலகம் என்று அடக்காமல் சபையார் அனைவரையும் கூட்டினர். தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை கூறிய பக்கத்தாரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது போலும்.

மூன்றாவது, எருசலேம் ஆலோசனைச் சங்கம் (அப். 15). மிகுந்த தர்க்கத்துக்குப்பின் கூட்டம் அமைதியாகி, புறஜாதியாரிடையே நிகழ்ந்தவற்றைப் பர்னபாவும் பவுலும் விவரிக்கக் கேட்டது. இது செவிகொடுத்தல். முடிவு எடுக்கப்பட்டதும் அது எருசலேமிலேயே தங்கிவிடவில்லை. ஒரு நிருபமாக எழுதப்பட்டு, ஆட்கள் கையில் அந்தியோகியாவுக்கு அனுப்பப்பட்டு, சபையின்முன் வாசிக்கப்பட்டது. இது மறுமொழி. யாருடைய வாழ்வு அத்தீர்மானத்தால் தாக்கப்பட்டதோ அவர்களிடம் அது முகமுகமாய்ச் சென்று சேர்ந்தது.

பாளயத்திலே தீர்க்கதரிசனம் உரைத்த எல்தாத், மேதாத் ஆகியோரைத் தடுக்கவேண்டும் என்று யோசுவா கூறியதையும், மோசே அதற்கு இசையாததையும் இத்துடன் நினைவுகூரலாம் (எண். 11:26-29). கூடாரத்துக்கு வராதவர்மேலும் ஆவியானவர் தங்கினார்.

6. நம்முடைய பொறுப்பு

இந்தியாவில் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபைக்கு இடமளித்திருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். எனினும் எல்லோருக்கும் திறந்த கூட்டத்தில், ஏற்கெனவே வலிமை உடையோரே பேசிவிட்டுப் போவது எளிது. மௌனமாய் நிற்பவரை மேசைக்கு அழைத்து, நேரம் தந்து, பேச வைக்கும் முறையைக் கிராம சபைக்குக் குடிமக்கள் அவை கற்றுத்தரக்கூடும். கிராமச் சேகரங்களில் பணியாற்றும் போதகர், சபையார் கிராம சபைக்குச் செல்லவும், அங்கு வினா எழுப்பவும், தீர்மானம் என்னவாயிற்று என்று அடுத்த கூட்டத்தில் கேட்கவும் பயிற்றுவித்தல் வேண்டும்.

ஆனால் உலகத்துக்குக் கற்பிக்குமுன் நம் வீட்டை நோக்குதல் தகும். நம் திருமண்டலங்களில் தேர்தல்கள் அணிகளாகப் பிரிந்து நடத்தப்படுவதும், வழக்குமன்றத்தில் முடிவதும் எவரும் அறியாததன்று. சேகரக் குழுவில் பேசுவோர் எல்லா ஆண்டும் அதே சிலராக இருப்பதையும், பெண்களும் இளைஞரும் தலித் சபையாரும் நாட்கூலி பெறுவோரும் பின்வரிசையில் இருந்து கேட்டுவிட்டுப் போவதையும் காண்கிறோம்.

சபைச் சட்டத்தை மாற்றாமலேயே இதற்கு ஒரு சிறு தொடக்கம் செய்யலாம். நிலம், கட்டடம், பள்ளி, கல்லறைத் தோட்டம் முதலியவை பற்றிக் கருத்து வேறுபாடு எழும்போது, சபைப் பதிவேட்டிலிருந்து 15 பேரைச் சீட்டினால் தெரிந்துகொள்க. அவர்களுள் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். வேலை நாளை இழப்போருக்கு அக்கூலியைச் சபை ஈடுசெய்யட்டும். இரு தரப்பாரும் கணக்குகளோடு அவர்கள்முன் வந்து விளக்கட்டும். அவர்கள் ஜெபத்தோடு கலந்து பேசித் தங்கள் கருத்தை எழுதித் தரட்டும். முடிவெடுக்கும் உரிமை சேகரக் குழுவுக்கே இருக்கலாம். ஆனால் ஏற்றது எது, ஏற்காதது எது, ஏன் என்பதை ஞாயிறு ஆராதனைக்குப்பின் சபையார்முன் வாசித்தல் வேண்டும். இம்மூன்றாவது செயலைச் செய்ய விருப்பமில்லாத குழு முதலிரண்டையும் தொடங்காதிருப்பதே நல்லது. கேட்பதாகக் கூறி அழைத்து, பின் பதில் சொல்லாமல் விடுவது, அழையாதிருப்பதைவிடப் பெரிய காயத்தை உண்டாக்கும்.

முடிவுரை

குடிமக்கள் அவை தேர்தலை ஒழிக்க வந்ததன்று. எல்லா நோய்க்கும் மருந்துமன்று. பெயர் குடத்துக்குள் இடப்படாதவர் பெயரை இடுவதற்கும், பேசாதவரைப் பேசவைப்பதற்கும், முடிவெடுப்போரைப் பதில் சொல்லவைப்பதற்கும் அது ஒரு கருவி. இறையியல் மாணவரும் திருப்பணியாளரும் இதனைத் தம் சேகரங்களில் சிறிய அளவில் சோதித்து, நன்மை தீமைகளைத் தம்முள் பகிர்ந்துகொள்வார்களாயின், பங்கேற்பு என்னும் சொல் பிரசங்கபீடத்திலிருந்து இறங்கிச் சபையாரிடையே வந்து அமரும்.